காய்ச்சல் கண்ட சோடா மெஷின்

ராஜபாளையத்தில், மில் ஃபிட்டர் ஜேசுதாசன் வீட்டு முன்னறையில் நின்ற பழைய சோடா மெஷினுக்கு ஐப்பசி முதல் வாரத்தில் காய்ச்சல் கண்டது. நூற்றிரண்டு டிகிரி. ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மெஷினின் தலைமேலேயே வைத்திருந்த சமயத்தில் கண்டது என்பதால், மோட்டார் சூடு, காயில் சூடு என்று யாரும் சாக்குச் சொல்ல வழியில்லை. எதிர்வீட்டு வெங்கடேஸ்வரி, கிளினிக் ஒன்றில் நர்ஸ். வேலைக்குக் கிளம்பியவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, தெர்மாமீட்டரைக் காசு போடும் துவாரத்தில் செருகி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவள், காய்ச்சலை மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரித் தமிழில் சொன்னாள். அன்றைக்குச் சந்தையில் சின்ன வெங்காயம் விலை ஏறியிருந்தது. இரண்டையும் தெரு சேர்த்தே பேசியது.

மூலைக்கடை ராக்கப்பன் தூக்குவாளியில் நிலவேம்புக் கஷாயம் கொண்டுவந்து, எந்த ஓட்டையில் ஊற்றுவது என்று கேட்டார். கொசுப்புழு பார்க்க வருகிற நகராட்சிப் பெண்கள் வந்து, மெஷினுக்கு அடியில் இருந்த தட்டில் தண்ணீர் தேங்குகிறது, கொட்டுங்கள் என்று கண்டித்துவிட்டு, சுவரில் தேதி போட்டுப் போனார்கள். சபைப் போதகருக்குத்தான் சங்கடம். இரும்புக்கு ஜெபிக்கலாமா கூடாதா என்று அவர் படித்த இடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. கடைசியில், ‘இந்த வீட்டாரை ஆசீர்வதியும்’ என்று பொதுவாக ஜெபித்தார். கையை என்னவோ மெஷின்மேல்தான் வைத்திருந்தார். ஆமென் சொன்னதும் கையை எடுத்து, சுடுகிறதே என்று ஆச்சரியப்பட்டார். அதைத்தானே அய்யா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றார் ராக்கப்பன்.

அந்த மெஷின் ஒரு காலத்தில் பக்கத்து ஊர் மில் ஒன்றின் ஆபீசர்கள் கிளப்பில் நின்றது. முதலாளி மகன் வெளிநாட்டில் படிக்கப் போனவன், படிப்பைக் கொண்டுவராமல் இதைக் கப்பலில் கொண்டுவந்தான் என்பார்கள். ஆள் உயரம், சிவப்பு நிறம். காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் வயிற்றுக்குள்ளிருந்து பாட்டில் ஒன்று உருண்டு கீழ்த்தட்டில் விழும். மூடியைத் திறக்க நெஞ்சிலேயே ஓர் இரும்புப் பல் உண்டு. மில் மூடியது, கிளப் மூடியது. மெஷின் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சேக் முகைதீனின் பழைய இரும்புக் கடைக்கு வந்து, வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறியது. அதை ஜேசுதாசன் வாங்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து மூன்று வருஷமாகிறது. கேட்டவர்களிடமெல்லாம், சும்மா ஒரு பொழுதுபோக்கு என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வேட்டியை மாற்றிக் கைலி கட்டிக்கொண்டு உட்கார்ந்தாரென்றால் விளக்கு வைக்கும்வரை அதுதான் வேலை. ஊரில் சிலர் நாய் வளர்த்தார்கள், சிலர் சீட்டு ஆடினார்கள், இவர் துருவைச் சுரண்டினார்.

துருவைச் சுரண்ட ஒரு மனிதனுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். இவருக்கு ஒன்றுதான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் இன்னும் பின்னால் போக வேண்டும்.

ஜேசுதாசனுக்கும் அமிர்தவல்லிக்கும் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனி இல்லை என்று எல்லாரும் கைவிட்ட பிறகு பிறந்த ஒரே பெண் பிளஸ்ஸி. பதினொரு வயதில், ஊரெல்லாம் டெங்கு பரவிய ஐப்பசியில் அவளுக்கும் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, ஆரஞ்சுக் கலர். ஐஸாக, பாட்டில் வேர்த்திருக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் வாங்கித் தாரேன் என்று ஜேசுதாசன் தினமும் சொன்னார். ஒருநாள் விடிகாலையில் காய்ச்சல் விட்டது.

மில் ஃபிட்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓடுகிற மெஷினின் பேரிங் சூடாகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்கள். உள்ளங்கையை வைத்துச் சுட்டுக்கொண்டால் அன்றைக்கு வேலை கெட்டது, புறங்கை என்றால் தானாக விலகிவிடும். கிரீஸ் வைத்து, போல்ட்டைத் தளர்த்தி, செத்த நேரம் கழித்து மறுபடி தொடுவார்கள். சூடு இறங்கியிருந்தால் மெஷின் பிழைத்தது, அடுத்த மெஷினுக்குப் போகலாம். ஜேசுதாசன் வாலிபத்திலிருந்து அந்தக் கையால் எத்தனையோ மெஷின்களைப் பிழைக்க வைத்தவர். அன்றைக்கும் அதே புறங்கையை மகள் நெற்றியில் வைத்தார். ஜில்லென்றிருந்தது. டாக்டர், காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனம், இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்று சொல்லத்தான் செய்தார். காதில் விழாமல் இல்லை. ஆனால் வார்டில் கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்து, அனலாய்க் கொதிக்கும் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். குளிர்ந்துபோன பிள்ளைக்கு எதற்குக் கட்டில் என்று அவருக்குத் தோன்றியது. பாவி மனுசனுக்கு அடுத்தவர் பிள்ளைமேல் இரக்கம். என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிவந்துவிட்டார்.

அன்றைக்கு ராஜபாளையத்தில் மாதாந்திரப் பராமரிப்பென்று காலையிலிருந்து மாலைவரை கரண்ட் இல்லை. மூலைக்கடையில் கலர் இருந்தது, குளிர்ச்சி இல்லை. பிளஸ்ஸி ஒரு பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கரண்ட் இருக்கும், போய்ட்டு வாங்க என்று அமிர்தவல்லிதான் சொன்னாள். ஜேசுதாசன் டிவிஎஸ்ஸை எடுத்தார். செல்போனை ஜன்னலிலேயே வைத்துவிட்டுப் போனார். பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஐஸுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்கள், அதை ஈரத்துண்டில் சுற்றிக்கொண்டார். திரும்பும்போது எதிரில் பழைய இரும்புக் கடை வாசலில் ஒரு சிவப்பு மெஷின் கதவு திறந்து நிற்பது கண்ணில் பட்டது. ஃபிட்டருக்கு, திறந்து கிடக்கிற மெஷினைத் தாண்டிப் போவது லேசில்லை. அவசரமும் இல்லை, பிள்ளைக்குத்தான் காய்ச்சல் விட்டுவிட்டதே. வண்டியை நிறுத்தினார். உள்ளே கைவிட்டுக் கம்ப்ரஸரைத் தொட்டார், செயினை அசைத்துப் பார்த்தார், எந்த நாட்டுச் சரக்கு என்று சேக் முகைதீனிடம் கேட்டார். எவ்வளவு நேரம் நின்றார் என்பது அவருக்கும் சேக் முகைதீனுக்கும் மட்டுமே தெரியும். இருவரும் அதை வாய்விட்டுப் பேசியதில்லை. வீட்டுக்கு வந்தபோது தெருவில் கூட்டம் நின்றது. ஜன்னலில் செல்போன், அவரைத் தேடி யார் யாரோ கூப்பிட்டதில், அடித்து அடித்து ஓய்ந்திருந்தது. பிள்ளையை மடியில் போட்டிருந்த அமிர்தவல்லி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். ஈரத்துண்டுக்குள் பாட்டில் வேர்த்திருந்தது. அதன் கழுத்தில் கறுப்புக் கிரீஸில் அவர் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

அந்தப் பாட்டில் என்ன ஆனது என்று தெரியவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எடுத்து எங்கேயோ வைத்திருப்பார்கள். அமிர்தவல்லி கிரீஸைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, பின்னாலும் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு வேறொரு கஷ்டம் வந்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து புருசனை அவள் கூப்பிட்டதெல்லாம் ‘பிளஸ்ஸி அப்பா’ என்றுதான். இனி அந்தப் பேரைச் சொல்லவும் முடியவில்லை, வேறு பேரும் அவளிடம் இல்லை. சாப்பாடு ஆறினால் கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டுத் தட்டுவாள், அவர் வருவார். கொல்லையில் இருந்தால் வாளியை நங்கென்று வைப்பாள். வருஷக்கணக்காக அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டதெல்லாம் பாத்திரம்தான்.

சில வருஷம் போன பிறகு ஜேசுதாசன் அந்த மெஷினையே வாங்கி வந்து நிறுத்தியபோது, அமிர்தவல்லி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். மூன்று வருஷமும் மெஷினைச் சுற்றிக் கூட்டினாளே தவிர அதன்மேல் விரல் வைக்கவில்லை. நல்லது கெட்டது தெரிந்த தெரு மட்டும், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று முணுமுணுத்தது. அவர் காதிலும் அது விழுந்தது. உண்மைதானே என்று விட்டுவிட்டார். கரண்ட் போனாலும் வந்தாலும் இந்தத் தெருவில் ஒரு பாட்டிலாவது குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஐஸ் கலருக்காக எந்தத் தகப்பனும் வண்டி எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போகக் கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

ஒடுக்குகளைத் தட்டி எடுத்தார். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, அதன்மேல் பழைய சிவப்பையே தேடிப் பிடித்து அடித்தார். மோட்டாரை வைண்டிங் கடைக்குக் கொடுத்தார். கதவு ரப்பரை மாற்றினார். வெளிநாட்டுக் காசை மட்டுமே விழுங்குகிற மெஷின் என்பதால், தெரிந்த லேத் பட்டறையில் அதே அளவில் பித்தளை வில்லைகள் சில கடைந்து வாங்கி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்தார். கழலாத நட்டும் நகராத லீவரும் அவர் கையில் வழிக்கு வந்தன. கரண்ட் இல்லாதபோதும் ஓட பேட்டரி வைத்தார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றினான். கம்ப்ரஸர் கோயில் புறாவைப் போல முனகிக்கொண்டு அழகாக ஓடியது. ஆனால் குளிரவில்லை. உள்ளே வைத்த பாட்டில் வெளியில் வைத்த பாட்டிலைப் போலவே இருந்தது. குளிரை அளந்து விடுகிற தெர்மோஸ்டாட் பழுதென்று மெக்கானிக் சொன்னான். அந்தக் காலத்துத் தெர்மோஸ்டாட்டுக்கு எங்கே போவது? போகாத ஊரில்லை. கடைசியில் அலுத்துப்போய் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டித் தலைமேல் வைத்தார். பாட்டில்களையும் எடுத்துவிட்டார். வயிறு காலியான மெஷினுக்கு, அந்த வாரம்தான் காய்ச்சல் கண்டது. பிளஸ்ஸிக்குக் கண்ட அதே வாரம். தெருவில் எல்லாருக்கும் அது தெரியும்.

முதல் நாள் ஜேசுதாசன் ஃபிட்டராகவே நடந்துகொண்டார். மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்தார். எங்கும் கோளாறு இல்லை, எங்கும் சுட்டது. பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினார். அமிர்தவல்லி ஒரு கிண்ணியில் தண்ணீரும் கிழிந்த வெள்ளைத் துணியுமாக நின்றாள்.

“அதை மூடுங்க,” என்றாள். “கூதலடிக்கும்.”

யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தகட்டை வைத்து மூடினார். அவள் துணியை நனைத்துப் பிழிந்து, மெஷினின் நெற்றியில், காசுத் துவாரத்துக்கு மேலே பரத்திப் போட்டாள். துணி காயக் காய மாற்றினாள். மூன்று வருஷம் தொடாத கை அன்று முழுக்க அதை விட்டு நகரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. வெங்கடேஸ்வரி காலையிலும் மாலையிலும் தெர்மாமீட்டர் வைத்தாள், நூற்று மூன்று, நூற்றிரண்டு, மறுபடி நூற்று மூன்று. சுந்தரபாண்டியத்திலிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு, நல்லாகிவிடும் என்று சொல்லிப் போனார்கள். சேக் முகைதீன் நோயாளியைப் பார்க்க வருகிறவர் வருகிற மாதிரியே சாத்துக்குடிப் பையோடு வந்தார். பையை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் மெஷினின் கீழ்த்தட்டில் வைத்தார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் துஆ செய்தார். கிளம்பும்போது ஜேசுதாசன் தோளைப் பிடித்து, “தாசா, அன்னைக்கு நான் கதவைத் தொறந்து வைக்காம இருந்திருக்கணும்ல,” என்றார். அவ்வளவு காலம் கழித்து அதைச் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, விடிகாலையில் காய்ச்சல் விட்டது. வெங்கடேஸ்வரி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். தெரு பெருமூச்சு விட்டது. ராக்கப்பன் எல்லாருக்கும் டீ கொடுத்தார். சபைப் போதகர் போனிலேயே ஸ்தோத்திரம் சொன்னார். அன்றைக்குப் பராமரிப்பு நாள், ஒன்பது மணிக்கெல்லாம் கரண்ட் போய்விட்டது. ஜேசுதாசன் மெஷின் பக்கத்தில் வந்து, பழக்கதோஷத்தில், புறங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது.

அப்போது போன் அடித்தது. சேக் முகைதீன்தான். மதுரையிலிருந்து ஒரு லோடு இறங்கியிருக்கிறது, அதில் ஒரு பழைய ஐஸ் பெட்டி, நீ தேடுகிற தெர்மோஸ்டாட் அச்சு அசல் அதில் இருக்கிறது, மத்தியானம் உருக்காலைக்கு லாரி ஏறிவிடும், இப்போதே வந்தால் கழற்றிக்கொள்ளலாம் என்றார். ஊர் ஊராய் அலைந்தும் கிடைக்காத சாமான். ஜேசுதாசனின் கை தானாக ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தது. கால் தானாக வாசல்படி இறங்கியது. சூடு இறங்கிவிட்டதல்லவா, அடுத்த வேலைக்குப் போகலாம்.

அடுப்படியில் பாத்திரம் தட்டப்படவில்லை. வாளி வைக்கப்படவில்லை.

“பிளஸ்ஸி அப்பா.”

அவர் நின்றார். அந்தப் பேர் தெருவில் வேறு யாருக்கோ உரியது என்பதுபோல் ஒருதரம் தெருவைக்கூடப் பார்த்தார்.

“போகாதிய,” என்றாள் அமிர்தவல்லி. நிலைப்படியில் நின்றாள். அழவில்லை. “அன்னைக்கு நாந்தான் போகச் சொன்னேன். இன்னைக்குப் போகாதிய. இப்பத்தான் பக்கத்துல இருக்கணும்.”

சாவியை ஆணியில் மாட்டினார். இருவரும் மெஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். இந்தமுறை அவர் உள்ளங்கையை வைத்தார், அழுத்தி, முழுக்கையும் படிகிற மாதிரி. அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள். தகடு வேர்க்கத் தொடங்கியது. துளித்துளியாய் வேர்த்து, ஓடையாய் வழிந்து, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை நனைத்தது. இருவரும் நகரவில்லை. உள்ளே எதுவோ நடுங்கியது, சின்னப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு குளிரில் நடுங்குகிற மாதிரி. ஒண்ணுமில்ல தாயி, அப்பா இருக்கேன் என்றார் ஜேசுதாசன். தெருவில் மீன்காரர் கூவிப் போனார், பள்ளிக்கூட மணி அடித்தது, யாரோ வந்து வாசலில் நின்றுவிட்டுச் சத்தம் காட்டாமல் திரும்பிப் போனார்கள். நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. அது நின்றபோது, அன்றைக்கு அமிர்தவல்லி தனியாகத் தன் மடியில் உணர்ந்தது இன்னதென்று ஜேசுதாசனுக்குத் தெரிந்தது. தெரிந்ததும், இத்தனை வருஷம் கழித்து, வாய்விட்டு அழுதார்.

அப்புறம் மெஷினுக்குள் ஏதோ உருண்டது. யாரும் வில்லை போடவில்லை, கைப்பிடியை இழுக்கவில்லை. சாத்துக்குடிப் பைக்குப் பக்கத்தில் தட்டில் டக்கென்று ஒரு பாட்டில் வந்து விழுந்தது. ஆரஞ்சுக் கலர். ஐஸாக இருந்தது, வேர்த்திருந்தது. கழுத்தில் கறுப்புக் கிரீஸில் ஒரு பெருவிரல் ரேகை. ஜேசுதாசன் தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார், சரியாகப் பொருந்தியது. தகர மூடி அடித்தபடியே இருந்தது, பல் பட்ட தடம்கூட இல்லை. ஆனால் உள்ளே ஒரு வாய் குறைந்திருந்தது.

அமிர்தவல்லி பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எழுந்துபோய் மெஷினின் நெஞ்சில் இருந்த இரும்புப் பல்லில் கொடுத்து மூடியைத் திறந்தாள். மிச்சத்தைக் குடித்தாள். பிளஸ்ஸி டம்ளரிலும் தட்டிலும் மிச்சம் வைத்ததையெல்லாம் எப்போதும் அவள்தான் குடித்தும் தின்றும் முடிப்பாள். பாதியில் நிறுத்தி, “இந்தாங்க பிளஸ்ஸி அப்பா,” என்று நீட்டினாள். அவர் கிரீஸ் பட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

தெர்மோஸ்டாட் மத்தியானமே லாரி ஏறிப் போய்விட்டது. மெஷினுக்கு அது தேவைப்படவும் இல்லை. அன்றிலிருந்து அது குளிர்கிறது. கரண்ட் இருந்தாலும் குளிர்கிறது, இல்லாவிட்டாலும் குளிர்கிறது. பராமரிப்பு நாளில் தெருப்பிள்ளைகள் ஜேசுதாசன் வீட்டு வாசலில் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கொரு பித்தளை வில்லை கொடுப்பார், போட்டு இழுத்துக்கொள்வார்கள், வில்லை திரும்ப வந்துவிடும். கலர் கம்பெனி வண்டிக்காரன் முழுசாய்த்தான் கொண்டுவந்து இறக்குகிறான், அமிர்தவல்லியே நின்று பார்த்து வாங்கி அடுக்குகிறாள். வெளியே விழுகிற பாட்டில் ஒவ்வொன்றிலும், மூடி பிரியாமலே, ஒரு வாய் குறைந்திருக்கிறது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர்தான் முதலில் இதைப் பற்றிக் கேட்டார். கம்பெனியில் புகார் கொடுக்க வேண்டாமா என்றார். அக்கா குடிச்சது போக மிச்சம்தான் நமக்கு என்று பிள்ளைகள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவரும் சரியென்று குடித்துவிட்டுப் போனார். அவளைவிட வயதில் மூத்துவிட்ட பிள்ளைகளும் அக்கா என்றுதான் சொல்கிறார்கள்.